“நேராயிடும்”னு சொன்னது நான்தான்: ஒரு மூக்கு ஆபரேஷன் கேஸ்

முதல்லயே சொல்லிடறேன், இது ஆபரேஷன் சொதப்புன கதை இல்ல. ஆபரேஷன் நல்லாத்தான் நடந்துச்சு, ரத்தம் பெருசா போகல, சீழ் வைக்கல, மூச்சு நல்லாவே வருது. ஆனா ஆளு மூணு மாசம் கழிச்சு என் முன்னால உக்காந்து “திருப்தி இல்லண்ணே”ன்னு சொன்னாரு. ஏன்டா இப்படிச் சொல்றாருன்னு தோண்டிக்கிட்டே போனா கடைசில அது நான் சொன்ன ஒரு வார்த்தைல வந்து நிக்குது. அதான் எழுதறேன்.

நான் மலேசியாவுல, பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்து கிளினிக்ல டிரஸ்ஸர், அதாவது தோட்டத்து ஆளுங்களுக்கு முதல்ல வைத்தியம் பாக்கறவன், டாக்டர் இல்ல. ஊருக்கு 2007லயே பெஸ்தாரி ஜெயான்னு பேரு மாத்தியாச்சு, ஆனா எங்க ஆளுங்க வாயில இன்னும் பழைய பேருதான் வருது. என் வேலைக்கும் அதே கதிதான், பேப்பர்ல என்னென்னமோ போட்டிருக்கும், ரப்பர் பால் மரம் நின்ன காலத்துலயும் டிரஸ்ஸர், செம்பனை வந்தப்புறமும் டிரஸ்ஸர்.

ஆளுக்கு வயசு 36, குலை வெட்டறவரு. பேரு வேண்டாம், தம்பின்னே சொல்றேன், நேர்லயும் அப்படித்தான் கூப்பிடறது. எடை 98 கிலோ, கழுத்து தடி, சிகரெட்டு கிடையாது, சுகர் இல்ல, பிரஷர் கொஞ்சம் எல்லைல நிக்குது. வந்தது மூக்குக்காக இல்ல, காலையில எந்திரிச்சா தலை வலிக்குதுன்னு எம்சி, அதான் மெடிக்கல் லீவு, கேட்டு வந்தாரு. நான் எழுதிக்கிட்டே ஓரக்கண்ணுல பாக்கறேன், மனுஷன் வாயைத் தொறந்தே வச்சிருக்காரு, பேசாதப்பவும் வாய் மூடல, உதடெல்லாம் காஞ்சு வெடிச்சிருக்கு. சட்டைப் பையில மூக்குச் சொட்டு மருந்து பாட்டில் ஒண்ணு எட்டிப் பாக்குது. “எத்தனை நாளா போடற தம்பி?”ன்னு கேட்டேன். “நாலு வருஷம் இருக்கும்ணே.”

நாலு வருஷம். அந்த ஓக்ஸிமெட்டாசோலின் சொட்டு அஞ்சு நாளு, மிஞ்சிப்போனா ஒரு வாரம் போடற மருந்து. போட்ட உடனே மூக்கு உள்ள இருக்கற ரத்தக் குழாய் சுருங்கி வழி விடும், தொடர்ந்து போட்டா மருந்து இறங்குனதும் முன்னைவிட மோசமா வீங்கிக்கும், வீங்குதேன்னு மறுபடி போடுவாங்க, அப்புறம் அதை விடவே முடியாது. கடையில பிஸ்கட்டு வாங்கற மாதிரி வாங்கிட்டு வந்துடறாங்க, யாரைக் குறை சொல்றது.

மூக்கைப் பாத்தா பாலம் வலது பக்கமா சாஞ்சிருக்கு, தொட்டா இடது பக்கம் ஒரு மேடு. பதினோரு வருஷத்துக்கு முன்னால, வேற ஒரு தோட்டத்துல வேலை செஞ்சப்ப, மட்டை ஒண்ணு வெட்டி விழறப்ப அடிமட்டை மூஞ்சில மோதியிருக்கு. துணிய வச்சு அமுக்கிக்கிட்டு மறுநாளு காலைல பேரு கூப்பிட்டு ஆளு எண்ணற பெரட்டுக்கு வந்துட்டாராம். வேலையில அடிபட்டா முதலாளி 48 மணி நேரத்துக்குள்ள தொழிலாளர் காப்புறுதி பாக்கற சொக்சோவுக்குத் தெரியப்படுத்தணும், அதெல்லாம் யாரும் செய்யல, இவரும் கேக்கல. அதைவிட வயித்தெரிச்சல் என்னன்னா, உடைஞ்ச மூக்கெலும்ப ரெண்டு வாரத்துக்குள்ள காமிச்சிருந்தா பெரும்பாலும் வெட்டாம கொள்ளாம பிடிச்சு நிமித்தி வச்சிருப்பாங்க. அந்த நாளு தாண்டிட்டா எலும்பு சாஞ்ச இடத்துலயே ஒட்டிக்கும்.

பெரிய கருவியெல்லாம் எங்கிட்ட கிடையாது. நாக்கை அமுக்கற எவர்சில்வர் தகடு இருக்கு, அதை மூக்குக்கு அடியில பிடிச்சு மூச்சு விடச் சொன்னா ஆவி படியும். இவருக்கு வலது பக்கம் அம்பது காசு அகலத்துக்கு படிஞ்சிச்சு, இடது பக்கம் ஒரு உளுந்து அளவுக்கு வந்துச்சு, அது தொடைக்கறதுக்கு முன்னாலயே காஞ்சிருச்சு. டார்ச்சு அடிச்சுப் பாத்தா ரெண்டு துவாரத்துக்கும் நடுவுல இருக்கற சுவரு இடது பக்கமா உப்பிக்கிட்டு வந்து வழியை அடைச்சு நிக்குது.

அப்பதான் நான் அந்த வார்த்தையைச் சொன்னேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, ஏன்னா நான் எல்லாருக்கும் அதே வார்த்தையைத்தான் இருவது வருஷமா சொல்லிக்கிட்டு இருக்கேன்: “உனக்கு மூக்கெலும்பு வளைஞ்சிருக்கு தம்பி, ஆபரேஷன் பண்ணா நேராயிடும்.”

உடனே கத்தி வைக்கல, முதல்ல சொட்டு மருந்தை நிறுத்தணும். ஒரு பக்கம் நிறுத்திட்டு இன்னொரு பக்கம் மட்டும் போட்டு, அப்புறம் அதையும் விட்டு, கூடவே மொமெட்டாசோன் ஸ்ப்ரே ரெண்டு மாசம், உப்புத் தண்ணி வச்சு கழுவறது. முதல் பத்து நாளு நரகம்னு சொன்னாரு, ராத்திரி உக்காந்துகிட்டே தூங்கியிருக்காரு. ரெண்டு மாசம் கழிச்சு வலது பக்கம் நல்லா திறந்துச்சு, இடது பக்கம் அப்படியே. ஸ்ப்ரே வீக்கத்தைத்தான் இறக்கும், சுவரைத் தள்ளி வைக்காது. அதுக்கப்புறம்தான் ஈஎன்டிக்கு லெட்டர் எழுதுனேன்.

நிறைய பேரு எங்கிட்ட கேப்பாங்க, மூக்கு ஆபரேஷன் எல்லாம் சும்மா, ரெண்டு வருஷத்துல பழையபடி அடைச்சுக்கும்னு யாரோ சொன்னாங்களேன்னு. முன்னால டாக்டருங்களுக்கே அந்த சந்தேகம் இருந்துச்சு. 2019ல நெதர்லாந்துல 203 பேரை வச்சு லான்செட்ங்கற மருத்துவப் பத்திரிகைல ஒரு ஆய்வு வந்துச்சு, 2023ல பிரிட்டன்ல 17 அரசாங்க ஆஸ்பத்திரில 378 பேரை வச்சு பிஎம்ஜேங்கற பத்திரிகைல இன்னொண்ணு. ரெண்டுலயும் பாதிப் பேருக்கு ஆபரேஷன், மீதிப் பேருக்கு ஆபரேஷன் இல்லாத வைத்தியம். பிரிட்டன்ல ஸ்நோட்22னு மூக்குத் தொந்தரவைப் பத்தி 22 கேள்வி, மொத்தம் 110 புள்ளி, கம்மியா இருந்தா நல்லதுன்னு அர்த்தம். ஆறு மாசத்துல ஸ்ப்ரே கூட்டம் 39.5ல நின்னுச்சு, ஆபரேஷன் கூட்டம் 19.9க்கு வந்துருச்சு. ஆக வளைவு உள்ளவங்களுக்கு ஆபரேஷன் வேலை செய்யுது, அதுல எனக்குச் சந்தேகம் இல்ல. சந்தேகம் வேற இடத்துல.

லெட்டரோட சேத்து அனுப்பறதுக்கு நோஸ் ஸ்கேல்னு ஒரு அஞ்சு கேள்வி பாரம் போட்டேன். 2004ல அமெரிக்காவுல உருவாக்குனது, ஒவ்வொரு கேள்விக்கும் 0ல இருந்து 4, கூட்டி அஞ்சால பெருக்குனா நூத்துக்கு மார்க்கு, கூடுனா கஷ்டம் கூட. எங்கிட்ட இருந்தது இங்கிலீஷ் பாரம், நானே வாயால தமிழ்ல கேட்டேன், அவரு வீட்டு அடுப்படி மேசைல உக்காந்துதான். முதல் கேள்வி மூக்கு கன்ஜெஷனா இருக்கறது, ரெண்டாவது மூக்கு அடைச்சிருக்கறது. தமிழ்ல சொன்னா ரெண்டுமே மூக்கடைப்புதான்! நான் திணறி, “முதல்ல கேட்டது மூக்கு கனமா திம்முனு இருக்கறது, இப்ப கேக்கறது காத்தே போகாம அடைச்சுக்கறது”ன்னு விளக்குனேன், அவரு சம்சாரம் வெங்காயம் உரிச்சுக்கிட்டே “ரெண்டுக்கும் நாலு போடுங்கண்ணே, எனக்குத் தெரியும்”னுச்சு. அந்தத் தங்கச்சி பதினோரு வருஷமா அந்த மூக்கோட சத்தத்தைக் கேட்டுக்கிட்டு இருக்கு, அதுக்குத் தெரியாதா. ஆனா பாரம் நோயாளியோடது, அவரு சொன்னபடி 3, 4, 4, 4, கடைசிக் கேள்வி கஷ்டமான வேலை செய்யறப்ப மூக்குல காத்து போதுமா, அதுக்கு 2 போட்டாரு. நீட்டுக் கம்புல அருவாளைக் கட்டி அண்ணாந்து குலை வெட்டறவருக்கு ரெண்டுதானான்னு கேட்டேன். “வெட்டறப்ப வாயாலதான மூச்சு விடணும்ணே, எல்லாரும் அப்படித்தான?”ன்னாரு. பதினேழு, பெருக்குனா 85.

அஞ்சு கேள்வி கேட்டேன். “இந்த ஆபரேஷன்ல உனக்கு என்ன கிடைக்கணும்னு நினைக்கற?”ன்னு ஆறாவதா ஒண்ணு கேக்கல. பாரத்துல அது இல்ல, நானும் கேக்கல.

ஆஸ்பத்திரி பேரு எதுக்கு, அவங்க மேல ஒரு தப்பும் இல்ல.  குழாய் கேமரா விட்டுப் பாத்தாங்க, சிடி எடுத்தாங்க, ஏழு மாசம் கழிச்சு தேதி குடுத்தாங்க. செப்டோபிளாஸ்டி, அதாவது நடுச்சுவரோட தோலை உரிச்சு, உள்ள வளைஞ்சு நிக்கற குருத்தெலும்பு, எலும்பை மட்டும் எடுத்தோ செதுக்கியோ நிமித்தி தோலை மறுபடி ஒட்டறது. கூடவே ரெண்டு பக்கமும் உள்மடலை சின்னதாக்குனாங்க. மடலை வெட்டியே தள்ளிடக் கூடாது, அது காத்தை ஈரமாக்கி சூடாக்கற சதை, ரொம்ப எடுத்துட்டா வழி விசாலமா இருந்தும் மூச்சே வரலைங்கற மாதிரி ஒரு கொடுமை வந்து சேரும். எல்லாமே துவாரத்து வழியா உள்ளேயே. வெளிய ஒரு கீறல் கிடையாது, வெளி எலும்பைத் தொடவே இல்ல.

கையெழுத்து வாங்குன பாரம் மலாய்ல. சின்ன டாக்டர் பொண்ணு பொறுமையா விளக்கியிருக்கு, நடுவுல இருக்கறது பெங்கோக், அதை லுருஸ் பண்ணப் போறோம்னு. இவருக்கு மலாய் நல்லாவே வரும், அதனால மொழி புரியாம போச்சுன்னு சொல்ல முடியாது. பெங்கோக்குன்னா வளைவு, லுருஸ்னா நேர். வளைஞ்ச மூக்கை நேராக்குவாங்க. டிரஸ்ஸரும் அதைத்தான சொன்னாரு. கண்ணாடில தெனமும் பாக்கறது வளைஞ்ச மூக்கு, உள்ள ஒரு சுவரு இருக்கறதே அவருக்குத் தெரியாது, பின்ன என்ன நினைப்பாரு!

வீட்டுக்கு வந்த முதல் வாரம் எல்லாருக்கும் மாதிரிதான். மூக்குக்குள்ள ரெண்டு பக்கமும் சிலிக்கோன் தகடு வச்சுத் தைச்சு அனுப்பியிருந்தாங்க, ஏழாம் நாளு எடுத்தாங்க. விரல் நீளத்துக்கு வழவழன்னு வெளிய வந்ததைப் பாத்து “இதையா உள்ள வச்சிருந்தீங்க”ன்னு அசந்துட்டாராம், அது வந்த அடுத்த நொடி இடது பக்கம் குபீர்னு காத்து உள்ள போச்சாம், கண்ணுல தண்ணி வந்துருச்சுன்னு சொன்னாரு. அவரோட அம்மா விரால் மீன் சூப்பு வச்சு தினம் குடுத்தாங்க, இங்க மலாய்க்காரங்களும் சரி நம்ம ஆளுங்களும் சரி கத்தி வச்ச ஒடம்புக்கு ஹாருவான்தான் மருந்து, கோழியும் எறாலும் ஆகாது. நான் ஒண்ணும் மறுக்கல, புரதம்தானே. மறுத்தது ஒண்ணே ஒண்ணு, மூக்கு கழுவ பைப்புத் தண்ணியை அப்படியே எடுத்தது. கொதிக்க வச்சு ஆறுன தண்ணிதான், ஒரு லிட்டருக்கு ஒன்பது கிராம் உப்பு, அதுக்கு மேல போட்டா எரியும், கொறைச்சாலும் எரியும்.

ஒன்பதாம் நாளு சும்மா இருக்க முடியாம மோட்டார் பின்னால அரிசி மூட்டையைத் தூக்கி ஏத்துனாரு, வலது பக்கம் ரத்தம். குனிய வச்சு மூக்கோட மெத்துன பாகத்தை பத்து நிமிஷம் பிடிச்சேன், நின்னுச்சு. திட்டுனேன், அவ்வளவுதான், இதுக்கு மேல எழுத ஒண்ணுமில்ல.

மூணாம் மாசம் கிளினிக்ல மறுபடி அதே தகடு, அதே பாரம். தகடுல ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அகலத்துக்கு ஆவி. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா, போன்ல போட்டோகூட எடுத்தேன். பாரத்துல 1, 1, 1, 2, 1. ஆறு, பெருக்குனா 30. 85ல இருந்து 30. வெளிநாட்டுல நிறைய ஆய்வை ஒண்ணா சேத்துப் பாத்து 2014ல எழுதுனதுல, ஆபரேஷனுக்கு முன்ன சராசரி 65, பின்ன 23, 30 புள்ளி கொறைஞ்சா நல்ல முன்னேத்தம்னு வச்சுக்கலாம்னு இருக்கு. இவருக்கு 55 கொறைஞ்சிருக்கு. நான் பேனாவை மூடிக்கிட்டு, பதில் தெரிஞ்ச கேள்வியைக் கேக்கற தோரணையில “அப்ப திருப்திதானே தம்பி?”ன்னேன்.

“இல்லண்ணே.”

கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் பர்ஸைத் தொறந்து ஐசியை, அதான் அடையாள அட்டையை, எடுத்து மேசைல வச்சாரு. ஓரம் உடைஞ்சு, சிப்பு தேஞ்சு, படத்துல பாதி மூஞ்சி அழிஞ்சு கிடக்கு. “ரெண்டு வருஷமா மாத்தாம வச்சிருக்கேன். பேங்க்ல கூட திட்டுறாங்க. மூக்கு நேரானதும் புதுப் படம் எடுத்துக்கலாம்னு இருந்தேன்.”

எனக்கு அப்பதான் உறைச்சுது. பெரட்டுல அவருக்குப் பேரே கோணமூக்கன். நானும் கேட்டிருக்கேன், சிரிச்சிருக்கேன்கூட. ஆபரேஷன் முடிஞ்சு வேலைக்குப் போன முதல் நாளு வேலை வாங்கற மண்டோர் அவரு மூஞ்சிய இப்படியும் அப்படியும் திருப்பிப் பாத்துட்டு “எங்கடா பண்ணுனாங்க, கால்லயா?”ன்னு கேட்டிருக்கான். எல்லாரும் சிரிச்சிருக்காங்க, இவரும் சேந்து சிரிச்சுட்டு வந்திருக்காரு. மூணு மாசமா அதை மனசுல வச்சுக்கிட்டு, வீக்கம் இறங்குனா நேராயிடும் போலன்னு கண்ணாடியப் பாத்துக்கிட்டு இருந்திருக்காரு. வெளி மூக்கு ஆபரேஷன்ல வீக்கம் முழுசா இறங்க ஒரு வருஷம்கூட ஆகும்தான், யாரோ யூடியூப்ல சொன்னதைக் கேட்டிருக்காரு, ஆனா இவரு மூக்குல வெளிய ஒண்ணுமே செய்யலயே, எது இறங்கும்?

ராத்திரி வீட்டுக்குப் போயி வேற ஒரு பாரத்தைத் தேடி எடுத்தேன், ஆர்ஓஈன்னு சொல்லுவாங்க, 2000ல வந்தது, மூக்கு அழகு ஆபரேஷனுக்குன்னு செஞ்சது, ஆறு கேள்வி, 24க்கு கூட்டி நூத்துக்கு மாத்தறது. இதுல கூடுனா நல்லது. மறுநாளே கூப்பிட்டுக் கேட்டேன். மூக்கோட தோற்றம் பிடிச்சிருக்கா, 1. மூச்சு எப்படி, 3. கூட்டாளிங்க சொந்தக்காரங்களுக்கு உங்க மூக்கு பிடிச்சிருக்கா, இதுக்கு ரொம்ப யோசிச்சு “எங்க அம்மாவுக்குப் பிடிக்கும்”னு சொல்லிட்டு 2. மூக்கால வெளிய பழகறதுல தயக்கம் வருதா, 1. இதுக்கு மேல நல்லா இருக்க முடியாதுன்னு தோணுதா, 1. ஆபரேஷன் பண்ணி மாத்தணும்னு தோணுதா, அதுக்கும் 1. மொத்தம் ஒன்பது, நூத்துக்கு 37.5. அதே ஆளு, அதே மூக்கு, ஒரே வாரத்துல ரெண்டு பாரம். ஒண்ணுல பாஸ், ஒண்ணுல பெயிலு. ஆஸ்பத்திரி பைலுல முதல் பாரம் மட்டும்தான் இருக்கு, அங்க இவரு திருப்தியான நோயாளி.

தோற்றம் மட்டும்தானான்னா அதுவும் இல்ல. குறட்டை ஒண்ணு இருக்கு. பாரத்துல தூக்கத்துக்கு 2 போட்டாரே, அது சம்சாரத்தைக் கேட்டா வேற கதை. ரெண்டு வருஷமா அந்தத் தங்கச்சி பிள்ளைங்களோட ஹால்ல மெத்தை போட்டுப் படுக்குது. ஆபரேஷன் முடிஞ்சா மெத்தையை உள்ள கொண்டு போயிடலாம்னு ரெண்டு பேருமே நினைச்சிருக்காங்க, இதையும் யாரும் யாருகிட்டயும் சொல்லல. “சத்தம் கொறைஞ்சிருக்கு அண்ணே, பொய் சொல்லக் கூடாது. ஆனா நடுநடுவுல மூச்சு நின்னு, திக்குனு இழுக்குது, அது எனக்கு பயமா இருக்கு”ன்னுச்சு. அது மூக்கு விஷயமே இல்ல, தொண்டை மடங்கி மூச்சு நிக்கறது, 98 கிலோவும் அந்தக் கழுத்தும் காலைத் தலைவலியும் சேத்துப் பாத்தா நான் முதல் நாளே யோசிச்சிருக்கணும். மூக்கு ஆபரேஷன் மட்டும் அதைக் குணமாக்காது, தூங்கறப்ப போடற காத்து மெஷினைத் தாங்கிக்க மூக்கு திறந்திருந்தா உதவும், அவ்வளவுதான். தூக்கப் பரிசோதனைக்கு தனியா லெட்டர் எழுதுனேன், வரிசை நீளம்.

அடுத்தது கோடாலித் தைலம். ஆபரேஷன் முடிஞ்சும் தினமும் மூக்கோரம் தடவறதை விடல, “தடவுனாத்தான்ணே காத்து போற மாதிரி இருக்கு.” இது வெறும் பழக்கம் இல்ல. மூக்குல காத்து போறதை நாம அழுத்தத்தால உணர்றது கம்மி, குளிர்ச்சியாலதான் அதிகம் உணர்றோம். அந்தக் குளிர்ச்சியை உணர்ற வாசல் ஒண்ணு நரம்புல இருக்கு, டிஆர்பிஎம்8னு பேரு, 2021ல நோபல் வாங்குன டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் பாட்டப்பூட்டியான் ரெண்டு பேரும் தனித்தனியா மெந்தாலை வச்சுத்தான் அதைக் கண்டுபிடிச்சாங்க. தைலத்துல இருக்கற மெந்தால் போயி அந்த வாசலைத் தட்டுது, வழி ஒரு மில்லிமீட்டர் கூட திறக்காமலே மூளை “ஆஹா காத்து”ன்னு நம்பிக்கும். ஆக தகடுல ஆவி ரொம்பிப் படிஞ்சாலும் ஆளு அடைப்புன்னு சொல்லலாம், ஒண்ணுமே படியாதவன் தைலத்தைத் தடவிட்டு ஜோரா இருக்குன்னும் சொல்லலாம். தகடை போட்டோ எடுத்து சந்தோஷப்பட்டதை நினைச்சா எனக்கே சிரிப்பு வருது.

இன்னொண்ணும் சொன்னாரு, “இப்ப வலது பக்கம் அடைக்குதுண்ணே, சாயந்திரம் மாறிடுது.” பயந்துட்டாரு, நல்லா இருந்த பக்கத்தையும் கெடுத்துட்டாங்களோன்னு. எல்லாருக்கும் மூக்கு மாறி மாறித்தான் வேலை செய்யும், ஒரு பக்க உள்மடல் ரத்தம் ஏறி வீங்கும், மறுபக்கம் சுருங்கும், சில மணி நேரத்துக்கு ஒரு தடவை மாறும், 1895லயே ஜெர்மன்காரர் ஒருத்தர் எழுதி வச்சது. பதினோரு வருஷமா ஒரு பக்கம் மூடியே கிடந்ததால இவருக்கு அந்த மாத்தம் பழக்கமில்ல. அஞ்சு நிமிஷம் விளக்குனேன், அந்தப் புகார் அன்னையோட முடிஞ்சுது. இதை ஆபரேஷனுக்கு முன்னாலயே சொல்லியிருந்தா புகாரே வந்திருக்காது.

கேக்காமலே கிடைச்சது ஒண்ணு இருக்கு, அதை எழுதாம விட்டா நியாயம் இல்ல. மோப்பம். சொட்டு மருந்தை நிறுத்துனதா, வழி திறந்ததா, ஸ்ப்ரேயா, எதால வந்துச்சுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது, எல்லாருக்கும் வரும்னு வாக்கு குடுக்கவும் கூடாது. ரெண்டாம் மாசம் ஒரு நாளு சாயந்திரம் மோட்டாரை நேரா கிளினிக்குக்கு விட்டுட்டு வந்தாரு, முகத்துல ஒரு கலவரம். “அண்ணே, மில்லு பக்கம் இருந்து ஒரு நாத்தம் வருது, குடலைப் பொரட்டுது, உங்களுக்கு வரல?” எனக்குச் சிரிப்பை அடக்க முடியல. எண்ணெய் மில்லு கழிவுக்குட்டை நாத்தம், நாங்க எல்லாரும் பொறந்ததுல இருந்து மோந்துக்கிட்டு இருக்கறது. “இவ்வளவு நாத்தத்துலயாண்ணே நான் இத்தனை வருஷம் சோறு தின்னேன்?” அடுத்த வாரம் அவரு அம்மா கருவாடு பொரிச்சப்ப பக்கத்து வீட்டு வாசல்ல இருந்தே கண்டுபிடிச்சிருக்காரு, அதுல ரெண்டு தட்டு சோறு கூட. எடை ஒரு கிலோ ஏறிருச்சு, அது வேற.

இப்ப என் பக்கத்துக் கணக்கு. பாரம் நிரப்பறப்ப தப்பில்ல, மருந்துல தப்பில்ல, தேதி தாமதம் நாட்டு நிலைமை. தப்பு “மூக்கெலும்பு வளைவு, நேராயிடும்”ங்கற என் வாக்கியத்துல. தமிழ்ல செப்டமுக்கு நாங்க யாரும் தனியா ஒரு வார்த்தை புழங்கறதே இல்ல, உள்ளயும் மூக்கெலும்பு, வெளியயும் மூக்கெலும்பு. இப்ப நான் “நடுச்சுவரு”ன்னு சொல்றேன். ரெண்டு ரூம்புக்கு நடுவுல இருக்கற சுவரு சாஞ்சிருக்கு, அதை நிமித்தப் போறாங்க, வீட்டு வாசப்பக்கம் அப்படியேதான் இருக்கும்னு, லயத்து வீட்டுல வளர்ந்தவங்களுக்கு இது டக்குனு புரியுது. லெட்டர்லயும் ஒரு வரி சேக்கறேன்: நோயாளி எதிர்பார்ப்பது என்னன்னு, அவரு வாயால சொன்னதை அப்படியே. இவருக்கு அன்னைக்கு கேட்டிருந்தா மூணு வரி வந்திருக்கும்: மூக்கு நேராகணும், ஐசி படம் எடுக்கணும், சம்சாரம் உள்ள வந்து படுக்கணும். மூச்சு நாலாவதா வந்திருக்குமோ என்னவோ. அதைப் படிச்சா ஸ்பெஷலிஸ்ட் அப்பவே சொல்லியிருப்பாரு, வெளி எலும்பையும் சேத்து நிமித்தற செப்டோரைனோபிளாஸ்டின்னு ஒண்ணு இருக்கு, ஒரே மயக்க மருந்துல ரெண்டையும் முடிச்சிருக்கலாம், இல்லாட்டி உனக்கு இதுதான் கிடைக்கும், அது கிடைக்காதுன்னு முகத்துக்கு நேரா சொல்லியிருப்பாரு. ரெண்டுல எதுவா இருந்தாலும் மூணு மாசம் கண்ணாடி முன்னால நின்னிருக்க மாட்டாரு.

எல்லாரையும் இப்படிக் கேட்டுட்டு வெளி மூக்கு ஆபரேஷனுக்கு அனுப்பணும்னு இல்ல. சில பேருக்கு மூக்கு நல்லாவே இருக்கும், ஆனா நாளெல்லாம் அதே நெனப்பா கண்ணாடியே கதின்னு கிடப்பாங்க, அவங்களுக்கு எத்தனை தடவை கத்தி வச்சாலும் திருப்தி வராது, அது மனசு டாக்டர் பாக்கவேண்டிய கேஸ். இவரு அந்த ரகம் இல்ல. இவரு மூக்கு நெஜமாவே கோணல், அடிபட்டு வந்த கோணல், ஆசையும் அளவான ஆசை. பெரட்டுல பேரு சொல்லிக் கூப்பிடணும், அவ்வளவுதான்.

ஆறாம் மாசம் ஈஎன்டில திரும்பப் பாத்தப்ப நானே லெட்டர் எழுதிக் குடுத்தேன், என்ன நடந்துச்சுன்னு, என் வாக்கியம் உட்பட. டாக்டர் இவர உக்கார வச்சு ரொம்ப நேரம் பேசியிருக்காரு. முதல் ஆபரேஷன் முடிஞ்சு ஒரு வருஷமாவது ஆகட்டும், அப்புறம் வேணும்னா வெளி எலும்பை நிமித்தலாம், ஆனா நடுச்சுவர்ல ஏற்கனவே குருத்தெலும்பு எடுத்தாச்சு, காதுல இருந்தோ விலால இருந்தோ எடுக்க வேண்டி வரலாம், நூத்துக்கு நூறு நேராகும்னு சொல்ல மாட்டேன்னாராம். இவரு வீட்டுக்கு வந்து ரெண்டு நாளு யோசிச்சிருக்காரு. “விலா எலும்பை எடுத்தா அருவாக் கம்பை எப்படித் தூக்கறது?”ன்னு என்கிட்ட கேட்டாரு, நான் எனக்குத் தெரிஞ்சதைச் சொன்னேன், முடிவு அவரோடது.

ஒரு வருஷம் முடிஞ்சப்ப நோஸ் 25. எடை 93, ராத்திரி சோத்தைக் கொறைச்சிருக்காரு. மெத்தை இன்னும் ஹால்லதான், தூக்கப் பரிசோதனைக்குத் தேதி வந்திருக்கு. வெளி மூக்கு ஆபரேஷனுக்கு வேணும்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல. ஆர்ஓஈ மறுபடி கேக்கலாம்னு பாரத்தை எடுத்தேன், “அதெல்லாம் அப்புறம்ணே”ன்னு பர்ஸைத் தொறந்து புது ஐசியை எடுத்துக் காமிச்சாரு.

“கோணல் தெரியாம லேசா ஒருபக்கமா திரும்பி உக்காந்தேன். கௌண்டர்ல இருந்த பொண்ணு ‘அபாங், நேரா பாருங்க’ன்னு நாலு தடவை சொல்லிருச்சு.”